தொட்டிச் சுவரும் வேலப்பனின் பொறாமையும்

எண்ணூரில் எண்ணெய்த் தொட்டிகளுக்குள் இறங்கித் துரு சுரண்டும் வேலப்பன், எதிர்வீட்டார் பிரிட்ஜ் வாங்கியதற்கே இரண்டு நாள் சோறு இறங்காதவர். மேஸ்திரி வேலை காலியானதும், சேர்ந்து இரண்டே வருடமான சுஹைபின் மேல் அந்தப் பொறாமை முழுதாகத் திரும்பியது.

அன்று காலித் தொட்டிக்குள், நூறடி தள்ளி எதிர்ச்சுவரோரம் சுஹைபும் இன்ஜினியரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் மேஸ்திரி வேலைக்குத்தான் அடிபோடுகிறான் என்று வேலப்பன் முடிவுகட்டினார். தன் பக்கச் சுவரில் முகத்தை ஒட்டி முணுமுணுத்தார்:

"இன்னா கொழையுறான் பாரு. நேத்து வந்தவனுக்கு மேஸ்திரி வேலை கேக்குதா? அந்த இன்ஜினியரும் ஒரு டுபாக்கூரு."

வளைந்த சுவரை ஒட்டிப் பேசினால், ஒலி அந்த வளைவைத் தழுவியபடியே சுற்றிப்போய் எதிர்ச்சுவரில் நிற்பவர் காதில் தெளிவாக விழும். பன்னிரண்டு வருடம் தொட்டிக்குள் உழைத்தும் வேலப்பனுக்கு இது தெரியாது. சுரண்டும் சத்தத்தில் அங்கே யாரும் ரகசியம் பேசியதில்லை.

அதே சுவர் வழியாகப் பதிலும் வந்தது. முதலில் சுஹைபின் குரல்: "நைனா, வேலையை உனக்கே குடுக்கச் சொல்லித்தான் சார்கிட்ட கேட்டுகினு இருந்தேன்."

பிறகு இன்ஜினியரின் குரல்: "நானும் சரின்னு சொல்ல இருந்தேன், வேலப்பன்."

இப்போது சுஹைப் மேஸ்திரி. வேலப்பன் சுவர்ப் பக்கமே போவதில்லை. தொட்டியின் நட்டநடுவில் நின்று அவனைத் திட்டுகிறார். வட்டச் சுவரின் எல்லாப் பக்கமும் மோதி, அவர் திட்டியதெல்லாம் ஒன்றுசேர்ந்து அவரிடமே திரும்பி வருகிறது.