பீரோவுக்குள் இருந்த காது

மஞ்சள் துணியில் முடிந்து, பூச்சி வராமலிருக்க ஒரு கற்பூரத் துண்டையும் போட்டு, பீரோவின் உள்ளறையில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார் அந்த அம்மா. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்து, முடிச்சை அவிழ்த்து, "இன்னா மேடம், புச்சு மாறியே கீதுல்ல?" என்று பெருமையாகக் காட்டினார். ஒன்றரை வருடமாகக் குழந்தையின் தலையில் இருந்திருக்க வேண்டிய கருவி, ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். அந்த அம்மா காசிமேட்டில் மீன் விற்பவர். அவர் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மூன்று வயதில் அரசு செலவில் அறுவை செய்து, காக்ளியர் இம்ப்ளாண்ட் என்ற கேட்கும் கருவியை வைத்தார்கள். உள்ளே வைத்தது பாதிதான். காதுக்குப் பின்னால் வெளிக்கருவியை மாட்டினால்தான் சத்தம் உள்ளே போகும். கழற்றினால் மறுபடி ஒன்றும் கேட்காது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மாட்டியிருந்தால்தான் மூளை பேச்சைப் பிடிக்கும், அதுவும் சின்ன வயதில்தான் நன்றாகப் பிடிக்கும். முதல் நாள் அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "என்ன அம்மான்னு கூப்புடுமா மேடம்?" கூப்பிடுவாள் என்றேன்.

வாரம் தவறாமல் பயிற்சிக்கு வந்தார்கள். குழந்தை கருவியோடுதான் வருவாள், ஆனால் ஒரு சொல்லும் ஒட்டவில்லை. கருவி தினமும் எவ்வளவு நேரம் ஓடியது என்பது அதற்குள்ளேயே பதிவாகும். அதைக் கணினியில் போட்டுப் பார்க்க ஆள் இல்லை, வயர் இல்லை என்று ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டோம். பார்த்தபோது, பயிற்சிக்கு வந்த நாட்களில் மட்டும்தான் ஓடியிருந்தது. அன்றே அவர் வீட்டுக்குப் போனேன்.

"காது யாருக்குக் கேக்கணும், உங்க பொண்ணுக்கா பீரோவுக்கா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அவர் மிரண்டுபோனார்.

"தொலைஞ்சா வேற தரமாட்டாங்கன்னு நீதான மேடம் சொன்ன? கடக்காத்து, உப்பு... புள்ளைங்க புடிச்சி இஸ்துட்டா இன்னா பண்றது? அதான் பத்தரமா வெச்சிகினுகீறேன். ஆஸ்பத்திரி வர்ற அன்னிக்கி மாட்டி இட்டாறேன்."

சொன்னவள் நான்தான். கருவி கொடுத்த விழாவில் சால்வை, போட்டோ எல்லாம் முடிந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு மிரட்டலாகவே சொன்னேன். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. காலையிலிருந்து தூங்கும்வரை மாட்டுங்கள் என்பதையும் சொன்னேன், பத்தோடு பதினொன்றாக, அந்தக் கூட்டத்து இரைச்சலில். மிரட்டல் மட்டும் அவர் மனதில் நின்றது, மற்றது நிற்கவில்லை. விலை உயர்ந்ததைப் பூட்டி வைப்பதுதான் அவருக்குத் தெரிந்த அக்கறை. கருவியைக் கொடுத்ததோடு கை கழுவிவிட்டு, பேச்சு வராத பிள்ளைகளின் கோப்பில் ‘பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதுகிற கூட்டம் நாங்கள். இவள் கோப்பிலும் எழுதியிருந்தேன்.

நாள் முழுக்க ஏன் மாட்ட வேண்டும் என்று அன்று உட்கார்ந்து புரியவைத்தேன். மறுநாளே அவர் ஹேர்பேண்டில் வலை நூலால் ஒரு சின்னப் பை தைத்துக் கருவியைத் தலையோடு கட்டிவிட்டார். அதற்குப் பிறகு பகலில் கழற்றவே இல்லை. ஆனால் போன ஒன்றரை வருடம் போனதுதான். இவளுக்கு வைத்த அதே வாரத்தில் இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்ட கொருக்குப்பேட்டைக் குழந்தை ஒருத்தி, முதல் நாளிலிருந்து கருவியோடே வளர்ந்தவள், இன்று போனில் கேள்வி கேட்டே என்னைக் கொல்கிறாள். இவளும் அப்படி வாயாடியிருக்க வேண்டியவள்.

சென்ற வாரம் காசிமேட்டுக்குப் போயிருந்தேன். இவளுக்கு இப்போது எட்டு வயது. மீன் ஏலச் சத்தத்துக்கு நடுவே அம்மாவின் பின்னாலிருந்து "ம்மா" என்றாள். அதற்குமேல் சொன்னது எனக்கே புரியவில்லை, அந்த அம்மாவுக்குப் புரிந்தது. "கேட்டியா மேடம், எப்டி கூப்டுது பாரு!" என்று சிரித்துக்கொண்டே, பெரிய சங்கரா மீனாகப் பார்த்து என் பையில் போட்டார். வேண்டாம் என்றேன்.

"நீ இல்லாங்காட்டி எம் பொண்ணுக்கு ஏது மேடம் இந்தப் பேச்சு?"

இதற்குப் பதில் அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.