எங்கள் வீட்டுப் பெயர் நஹ்னிபீடா

அன்புள்ள உறவினர்களே, நண்பர்களே,

இந்த நினைவு மலரின் அட்டையில், அப்பாவின் படத்துக்குக் கீழே உள்ள பெயரை வாசிக்கப் போய் நாக்குச் சுளுக்கியவர்கள் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். நஹ்னிபீடா. அச்சகத்தார் பிழை விடவில்லை. நான் 'அப்பா' என்று எழுதியிருப்பதும் பிழையில்லை. இரண்டையும் மாற்றச் சொல்லி வந்த தொலைபேசி அழைப்புகளுக்கெல்லாம் சேர்த்து இதுதான் பதில்.

அப்பா உக்ரைன் நாட்டில், பொல்தாவா நகருக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தார். அவருடைய தகப்பனார் உழவு இயந்திரம் ஓட்டியவர். தாயார் மாட்டுப் பண்ணையில் பால் கறந்தவர். இளவயதிலேயே கப்பல் இயந்திரம் பழகி, மீன்பிடிக் கப்பலொன்றில் வடகடலுக்கு வந்தார். அந்தக் கப்பல் நோர்வேயின் ஹம்மர்பெஸ்ட் துறைமுகத்தில் பழுதாகி நின்றது. முதலாளிமார் அதை அப்படியே கைவிட்டார்கள். "நான் கப்பலை விட்டிட்டு வரேல்லை, கப்பல்தான் என்னை விட்டிட்டுப் போனது" என்று அப்பா சொல்லுவார்.

அதே ஊரின் மீன் தொழிற்சாலையில் அம்மா வேலை செய்துகொண்டிருந்தார். மன்னாரிலிருந்து என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர். என்னைப் பெற்ற தந்தை படகில் போனவர், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை, மரணச் சான்றிதழும் கிடைக்கவில்லை. அதனால் அம்மா விதவையுமில்லை, சுமங்கலியுமில்லை; கத்தோலிக்கக் கோவிலில் மறுமணம் கேட்கவும் வழியில்லை. மீனுக்குத் தோல் உரிக்கும் இயந்திரம் ஒருநாள் இறுகி நின்றபோது அதைத் திருத்த வந்தவர்தான் அப்பா. இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை நோர்வே மொழி. "பாதி விளங்காததாலைதான் எங்களுக்குள்ளை சண்டை வரேல்லை" என்று அம்மா இன்றும் சொல்வார்.

பிறகு மூவரும் ஒஸ்லோவுக்கு வந்து குரோருட்டில் குடியேறினோம். அப்பா பேருந்துப் பணிமனையில் இயந்திரத் திருத்துநராக ஓய்வு பெறும்வரை உழைத்தார். தாலி இல்லை, மோதிரம் இல்லை, சேர்ந்து வாழ்ந்தார்கள். நோர்வேக்காரருக்கு அதற்கு மரியாதையான ஒரு சொல் இருக்கிறது. எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த சொற்களை இங்கே அச்சிட முடியாது.

இனிப் பெயரின் கதைக்கு வருகிறேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனின் பெயரே பின்னால் வரும், மனைவிக்குக் கணவனின் பெயர் வரும். ஆகவே அம்மாவுக்கும் எனக்கும் கடலோடு போனவரின் பெயர். அப்பாவுக்கு மட்டும் நஹ்னிபீடா. ஒஸ்லோவிலேயே ஹவுகெட்டோவில் இருக்கும் பெரியப்பா, அதாவது என்னைப் பெற்றவரின் அண்ணர், முதன்முதல் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கேட்டதும் அந்தப் பெயரைப் பற்றித்தான்.

"அதென்ன பேர்? தகப்பன்ரை பேரோ?"

இல்லை என்று அப்பா சொன்னார். பிறகு தான் வளர்ந்த வீட்டில் கேட்ட கதையைச் சொன்னார். நான் அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். முந்தைய காலத்தில் பண்ணையாருக்கு அடிமைப்பட்ட குடியானவர்கள் தப்பியோடி, தினிப்பர் ஆற்றின் கீழ்ப்புறம் இருந்த கொசாக்கு என்ற சுதந்திரப் போர்வீரர்களின் படையில் சேர்வார்களாம். வந்தவனிடம் உன் தகப்பன் யார், ஊர் எது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பண்ணையாரின் ஆட்கள் தேடி வந்தாலும் பிடிபடாதபடி பழைய பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, கூட இருப்பவர்களே புதுப் பெயர் வைப்பார்கள். அநேகமும் கேலிப் பெயர்கள், கட்டளை போடுவது போன்றவை. மூக்கை உடை என்று ஒருவனுக்கு, தண்ணீர் குடியாதே என்று இன்னொருவனுக்கு. அப்பாவின் முன்னோர் ஒருவருக்குக் கிடைத்தது நஹ்னிபீடா. நஹ்னி என்றால் வளை, பீடா என்றால் துன்பம். துன்பத்தைப் பிடித்து வளை. கேலியாக வைத்தார்களோ, அவன் உண்மையிலேயே வளைத்தானோ, தெரியாது. பின்னால் அரசாங்கப் பதிவுகளில் ஏறிப் பரம்பரைப் பெயராகிவிட்டது. உக்ரைனிலேயே அடிக்கடி காதில் விழாத பெயர். நோர்வேயில் அப்பா ஒருவர்தான்.

எல்லாவற்றையும் கேட்ட பெரியப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். "பேரிலையே பீடை இருக்கு, பாத்தியே?"

அப்பாவுக்கு அதற்குள் தமிழ் நன்றாகப் பிடிபட்டிருந்தது. "இருக்குத்தான் அண்ணை. வளைச்சு வைச்சிருக்கிறம்" என்றார். பெரியப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எனக்குப் பதினெட்டு வயதானபோது அந்தப் பெயரை எடுக்க விரும்பினேன். இந்த நாட்டில் அரிய பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நினைத்தவர் நினைத்தபடி எடுக்க முடியாது. வைத்திருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். வைத்திருந்தவர் அப்பா ஒருவர்தானே, கேட்டவுடன் தருவார் என்று நம்பிப் போனேன். அவர் மாட்டேன் என்றார்.

"ஏன்?"

"உன்ரை அப்பான்ரை பேர் எங்கை போறது?"

"நீங்கள்தானே என்ரை அப்பா."

"நான் இருக்கிறன். கூப்பிட்டா வருவன். அவர் பேராலை மட்டும்தான் வருவார்."

ஒரு கிழமை இழுபறிப்பட்டோம். கடைசியில் அம்மாதான் வழி சொன்னார். பெற்றவரின் பெயர் நடுவில் நிற்கட்டும், வளர்த்தவரின் பெயர் கடைசியில் வரட்டும். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய் நெடுநேரம் தண்ணீரைத் திறந்து விட்டார். பெரியப்பா அன்றோடு எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

தன் நாட்டில் போர் வந்த பிறகு அப்பா வீட்டில் இருந்த நேரம் குறைவு. அங்கிருந்து வந்திறங்கிய சனங்களுக்குக் கட்டில் தூக்குவார், மொழிபெயர்ப்பார். குரோருட்டில் ஒரு மண்டபத்தில் அம்மா சோறும் பருப்பும் கொடுத்துக்கொண்டிருந்த நாளில், ஒரு உக்ரைன் பெண்மணி என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் பெயரைப் பார்த்தார். "மருமகளா?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா 'மகள்' என்றார், அவ்வளவுதான். ஒரு விளக்கமும் கொடுக்கவில்லை. அந்தப் பெண்மணி எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தார். எங்கள் சனத்துக்கு விளங்கப் பல வருடங்கள் எடுத்தது அவருக்கு ஒரு சொல்லிலேயே விளங்கிவிட்டது.

கடைசிக் காலத்தில் இதயம் பலவீனமாகிவிட்டது. மருத்துவமனைக் கட்டிலிலும் "படுக்கை இயந்திரம் கிறீச்சிடுது, எண்ணெய் விட ஒருத்தரும் இல்லையோ" என்று முறைப்பட்டார். அம்மாவின் கை அவர் கையில் இருக்க, அமைதியாகப் போனார்.

முப்பத்தோராம் நாள் நினைவு நெருங்கியபோது பெரியப்பா நேரில் வந்தார். அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். அவர் தொடவில்லை.

"பிள்ளை, நான் அந்த மனுசனைக் குறை சொல்லேல்லை. நல்ல மனுசன். ஆனா மலரிலை அப்பா எண்டு போட்டா, என்ரை தம்பி ஆர்?"

அவர் குரல் உடைந்திருந்தது. அதற்காக நான் விட்டுக்கொடுக்கவில்லை. "அவரும் அப்பாதான் பெரியப்பா. என்ரை பேரிலை இருக்கிறார். நான் ஒருத்தரையும் கலைக்கேல்லை."

"ஒரு பிள்ளைக்கு ரெண்டு தகப்பனோ? ஊர் என்ன சொல்லும்?"

அம்மா குறுக்கிட்டார். "அத்தான், கடல் ஒருத்தரைக் கொண்டு போச்சு, ஒருத்தரைக் கொண்டுவந்து விட்டுது. ரெண்டு நேரமும் ஊர் வந்து நிண்டதே?" பிறகு என்னிடம் திரும்பினார். "பிள்ளை, அந்தப் பேர் எனக்கும் வேணும். இப்ப நீதானே சம்மதம் தரவேணும்? தா."

"இந்த வயசிலையோ?" என்றார் பெரியப்பா.

"ஓம், இந்த வயசிலைதான். அவர் உயிரோடை இருக்கேக்கை உங்களுக்குப் பயந்து கேக்கேல்லை. நாளைக்கு அவருக்குப் பக்கத்திலை என்னையும் வைப்பினம். என்ரை கல்லிலை அவரின்ரை பேர் இருக்க வேணும்."

சம்மதம் கொடுத்துவிட்டேன். அம்மா இப்போது நஹ்னிபீடா. கேட்க விரும்புபவர்கள் அவரிடமே கேட்கலாம்.

அப்பாவை இறுதிவரை பராமரித்த தாதியருக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த பேருந்துப் பணிமனை நண்பர்களுக்கும், தமிழிலும் உக்ரைன் மொழியிலும் செபித்த இரு குருமாருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த அயலவருக்கும் எங்கள் நெஞ்சு நிறைந்த நன்றி. பெரியப்பாவுக்கும் நன்றி. அவர் வந்து அப்படிக் கேட்டிராவிட்டால், அம்மா இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கவே மாட்டார்.

இப்படிக்கு,
மகள்