இரண்டாவது கியரைப் பிடித்த கை

காந்தலில் இருக்கிற எங்கள் மாடி வீட்டை நான் கட்டினேன். கேத்திப் பள்ளத்தில் கேரட் கழுவுகிற ஷெட்டை நான் போட்டேன். அந்த மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது என்று படித்தவர்கள் பார்த்துச் சொல்லிவிட்டுப் போன இடம் அது. ஓடையிலிருந்து குழாய் இழுத்து நான் ஏற்றினேன். லாரியில் மூட்டை தூக்கினேன், பிறகு அந்த லாரியையே ஓட்டினேன், பிறகு அதையே வாங்கினேன், பக்கத்தில் இன்னும் இரண்டை நிறுத்தினேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. கையெழுத்துப் போடவும் மலையில் வண்டி இறக்கவும் தெரியும். அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. காலமெல்லாம் லாரியின் உயரத்திலிருந்து, தரையோடு தரையாக வழுக்கிக்கொண்டு போகிற கார்களின் கூரையைப் பார்த்தே வந்தவன் நான். சாவதற்குள் அப்படி ஒரு ஸ்போர்ட்ஸ் காரைச் சொந்தமாக வாங்கித் தாழ உட்கார்ந்து ஓட்ட வேண்டும்.

மகனுக்கு இது பிடிக்கவில்லை. அவன் வெடிமருந்து ஃபேக்டரியில் ஆபீஸ் வேலை பார்க்கிறவன். "இந்த வயசுல எதுக்குங்கப்பா? ஊரே சிரிக்கும்" என்றான்.

"சிரிக்கறவன் எவனும் என் வண்டிக்கு டீசல் போட்டதில்ல" என்றேன்.

"ஏனுங்க, அதுக்குள்ள குனிஞ்சு உக்காந்துட்டா உங்களை வெளிய எடுக்க ஆள் புடிக்கோணுமே" என்றாள் என் மனைவி.

கடைசியில் மகன் ஒரு நிபந்தனை போட்டான். ஒரே ஒரு காரை ஓட்டிப் பார்க்கலாம். அதில் கோளாறு இருந்தால் இந்தப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும். ஒப்புக்கொண்டேன். குன்னூரில் பழைய கார் விற்கிற ஒருவனிடம் சிவப்பில் இரண்டு கதவு வண்டி இருப்பதாக மகனே போனில் தேடிக் காட்டினான்.

போனோம். விற்கிறவன் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து கடை போட்டவன். கார் சாவியைக் காதுக்குள் விட்டுக் குடைந்துகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எடுத்து, சட்டையில்கூடத் துடைக்காமல், "வாங்கண்ணா" என்று என் கையில் கொடுத்தான். இரண்டு விரலால் வாங்கிக்கொண்டேன்.

கதவைத் திறந்தால் மல்லிகை சென்ட் குப்பென்று அடித்தது. அதற்கு அடியில் வேறொரு வாடை: மழையில் நனைந்த நாய் படுத்தெழுந்த சாக்கின் வாடை. மழை ஓயாத தேவாலா பக்கம் நனைந்து நின்ற வண்டியாக இருக்கும். கால் வைக்கிற விரிப்பைத் தூக்கினேன், பச்சையாகப் பூஞ்சை. ஸ்டீயரிங்கில் சுற்றியிருந்த தோல் ஊறிப்போய்க் கறுப்புப் பிசினாகக் கையில் ஒட்டியது. இத்தனைக்கும் மேலே கண்ணாடியில் நெருப்பு மாதிரி ஒரு ஸ்டிக்கர்.

அப்படியும் எனக்கு வண்டி பிடித்திருந்தது. அந்த முன்பக்கத்தின் வளைவு அப்படி.

கடையிலிருந்து கீழே இருக்கிற தேயிலை எஸ்டேட் வரைக்கும் ஒரே இறக்கம். "போகும்போது நான் ஓட்டிக் காட்டறேன், வரும்போது நீங்க" என்று சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். மகன் பின்சீட்டில் மடங்கி உட்கார்ந்தான். அங்கே ஜன்னல் திறக்காது. கிளம்பியதுமே விற்கிறவன் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, பிரேக்கை மட்டும் நம்பி உருட்டினான். மலையில் ஏற எந்தக் கியரோ, இறங்கவும் அதே கியர்தான். அது தெரியாத கீழ்நாட்டுக்காரன், சொட்டுப் பெட்ரோலுக்கு உயிரை விடுகிறான் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் ஏமாந்தேன்.

திரும்பி ஏறும்போது நான் ஓட்டினேன். வண்டி சீறிக்கொண்டு ஏறியது. தேயிலைச் செடிகள் என் தோளுக்குச் சரியாக ஓடின. இதற்குத்தான் பிறந்தேன் என்று இருந்தது. கடை வாசலில், "போதுங்ணா, பேசிக்கலாம்" என்று அவன் இறங்கப் பார்த்தான்.

"உக்காருப்பா. இறக்கம் நான் இன்னும் பாக்கல."

"அதான் நான் காட்டினனே."

"நீ உருட்டினே. இறக்கல" என்று வண்டியைத் திருப்பினேன்.

இரண்டாவது கியரில் போட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். முதல் வளைவில் டக்கென்று கியர் தானாகக் கழன்றது. வண்டி முன்னால் பாய்ந்தது. எதிரே தேயிலை மூட்டையோடு ஒரு டிராக்டர். பிரேக்கை அமுக்கி, கியரைத் திரும்ப உள்ளே தள்ளி, இடது கையால் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். விட்டால் கழன்றுவிடும். கீழே சேரும் வரைக்கும் வலது கை ஒன்றால்தான் அத்தனை வளைவையும் திருப்பினேன்.

பின்னால் விநோதமான சத்தம். மல்லிகையும் வளைவும் சேர்ந்து மகனை ஒரு வழி பண்ணிவிட்டன. தன் கம்பளிக் குல்லாயைக் கழற்றி அதற்குள்ளேயே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். மலையில் பிறந்தவன்.

வண்டியை ஓரம் கட்டினேன். மகன் குல்லாயோடு இறங்கித் தேயிலைச் செடிப் பக்கம் போனான். நியூட்ரலின் அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது பெட்ரோல் சிக்கனம் இல்லை. கழல்கிற கியரை மறைக்கிற வித்தை.

விற்கிறவன் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னான்: "கையில புடிச்சே இறக்கிட்டீங்களேண்ணா. இது உங்க மாதிரி ஆளுக்கான வண்டி. பையனுக்குத் தெரிய வேண்டாம்."

ஒரு நிமிஷம் அந்தப் பேச்சு இனித்தது என்பது நிஜம். நான் வாயை மூடினால் வண்டி எனக்கு. திறந்தால் ஆசையே முடிந்தது. ஆனால் பூஞ்சைக்கு மேலே சென்ட் அடித்த மாதிரி எனக்கும் அடிக்கிறான் என்று புரிந்ததும், காதழுக்குச் சாவியைத் தொட்டதைவிட அருவருப்பாக இருந்தது.

"டேய், ரெண்டாவது கியர் நிக்கல" என்று மகனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு, "அப்ப பேசினபடி விட்ருங்கப்பா" என்றான். முகத்தில் என்ன ஒரு நிம்மதி.

"கோளாறு இருந்தா விடறேன்னேன். கோளாறே இல்லாம பண்ணிட்டா?" என்று விற்கிறவனிடம் திரும்பினேன். "கியர் பெட்டிய இறக்கு. நான் பாக்கப் பல்லை மாத்து. மறுபடி இதே ரோட்டுல இறக்குவேன். நின்னா வாங்கறேன். இல்லன்னா நீ ஏன் நியூட்ரல்ல ஓட்டறேன்னு லாரி ஸ்டாண்டு முழுக்கச் சொல்லுவேன்."

"என்னமோ பண்ணுங்க. நான் பின்னாடி உக்கார மாட்டேன்" என்றான் மகன்.

பெட்டியை இறக்கிய அன்று ஸ்டூல் போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பற்கள் மழுங்கிக் கிடந்தன. மாற்றினான். தனியாக ஓட்டினேன். கியர் நின்றது, வாங்கினேன். சென்ட் புட்டியை அவன் மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்தேன். அந்த வாடை இன்னும் போகவில்லை, அது வேறு கதை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் நான் வாசல் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, மற்றவர்கள் பக்கத்திலேயே காரைச் சுற்றி நின்றார்கள். மகன் பானெட்டில் கை வைத்துக்கொண்டு சொன்னான்: "ரெண்டாவது கியர் நிக்கலைன்னு அங்கயே கண்டுபிடிச்சோம். விடாம பேசி மாத்த வெச்சோம்."

"படிச்ச புள்ள கூடப் போனதால மச்சான் தப்பிச்சாரு" என்றான் மச்சினன்.

கண்டுபிடிச்சோம். வெச்சோம். சோற்றை மென்றுகொண்டு, வாலில் ஒட்டிய அந்த 'ஓம்' இரண்டையும் கேட்டேன், இலையில் அதற்கு மேல் கை போகவில்லை. வீட்டையும் ஷெட்டையும் இப்படித்தான் 'கட்டினோம், போட்டோம்' என்று சொல்லிச் சொல்லிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். விட்டுவிட்டேன். காரை விடமாட்டேன். போனில் தேடினது அவன், ஒப்புக்கொள்கிறேன். கியரைப் பிடித்தது இந்த இடது கை. வாயைத் திறந்தது நான். இனி அந்தக் காரைப் பற்றி என் வீட்டில் யார் பேசினாலும் 'அப்பா கண்டுபிடித்தார்' என்று தொடங்க வேண்டும். 'ஓம்' போட்டுத்தான் பேசுவேன் என்று மகன் அடம்பிடித்தால், குல்லாயில் வாந்தி எடுத்தோம் என்பதிலிருந்து தொடங்கட்டும்.