பாக்கெட் இல்லாத சுடிதார்

"பாப்பா, உனக்கு நெசமாவே தெரியுமா, இல்ல வீடியோ பார்த்துட்டு வந்தியா?"

பிரிக்பீல்ட்ஸில் காப்பிக் கடை வைத்திருக்கும் அங்கிள் முதல் நாளே என்னிடம் இப்படிக் கேட்டார். கடையின் மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி நின்றது. காசு போட்டு விளையாடுகிற வகை. அதன் திரையில் படம் இரு ஓரமும் சுருங்கி நெளிந்தது. பழைய பிக்சர் டியூப்பைக் கழற்றிவிட்டு ஃப்ளாட் ஸ்கிரீன் மாட்டிவிடலாமா என்றுதான் அவர் யோசித்துக்கொண்டிருந்தார். டியூப்பையே சரி செய்கிறேன் என்றேன் நான். எலக்ட்ரானிக்ஸில் டிப்ளோமா படித்திருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அம்மா மூன்றாம் வகுப்பு, அப்பா அதுவும் இல்லை. டிப்ளோமா என்ற சொல்லை எங்கே போனாலும் சொல்லிவிடுவேன்.

அன்று வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து கோயிலுக்குப் போக வேண்டுமென்று, வழக்கமான ஜீன்ஸை விட்டு சுடிதார் போட்டிருந்தேன். டியூப்பின் முதுகில் ஒரு ரப்பர் மூடி ஒட்டியிருக்கும். சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்கடியில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். எர்த் கம்பி கட்டிய ஸ்க்ரூட்ரைவரை மூடிக்குள் நுழைத்து அந்த மின்சாரத்தைத் தரைக்கு இறக்கினேன். டப் என்று ஒரு சத்தம். அங்கிள் ஓர் அடி பின்னால் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு அவர் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ கொடுத்தார். குடித்துவிட்டு வர அரை மணி நேரமானது. இறக்கிய டியூப்பில் மின்சாரம் மெல்ல மெல்ல மறுபடி ஊறும். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய பதில் அது. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருக்கையில் இன்னொரு முறை இறக்கினால், பயந்தவள் என்று நினைப்பாரோ என்று தோன்றியது. ஒரு கை உள்ளே இருக்கும்போது மறு கை பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். சுடிதாரில் ஏது பாக்கெட்? இடது கை தானாகப் போய் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. வலது விரல் மூடிக்கடியில் போனது.

கத்தியது நான்தான் என்று பிறகுதான் புரிந்தது. முழங்கை பெட்டியில் மோதித் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"போதும்லா, ஃப்ளாட் ஸ்கிரீனே மாட்டிடலாம். யாரும் உன்னைக் குறை சொல்லப் போறதில்ல," என்றார் அங்கிள், மெதுவாக.

அடுத்த வெள்ளி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே கிளினிக்குக்குப் போனேன். நெஞ்சு சரியாக இருக்கிறது என்றார்கள். கிள்ளானில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் மணிக்கட்டைப் பிடித்தபடியே வந்தேன். ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்தது வருமா என்றிருந்தது. அந்த வாரம் ரைஸ் குக்கர் சுவிட்சைக்கூட அகப்பைக் காம்பால்தான் தட்டினேன். அம்மா கவனித்தார். மறுபடி அந்தப் பெட்டிக்குள் கையை விட முடியுமா என்பது எனக்கே தெரியவில்லை. விட முடியாவிட்டால் டிப்ளோமா என்ற சொல்லை இனி எந்த வாயால் சொல்வேன்?

வியாழக்கிழமை சுடிதாரை அம்மாவிடம் நீட்டி, இடது பக்கம் பாக்கெட் தைக்கச் சொன்னேன்.

"சுடிதாருக்குப் பாக்கெட்டா? என்னத்தடி போடப் போற?"

"கையத்தாம்மா."

அம்மா மணிக்கட்டு மறையும் ஆழத்துக்குத் தைத்துக் கொடுத்தார்.

மறுநாள் போனபோது கேம் பெட்டியின் பக்கத்தில் புது ஃப்ளாட் ஸ்கிரீன் அட்டைப்பெட்டியோடு தயாராக இருந்தது. நான் ஒரு முறை இறக்கினேன். பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி இறக்கினேன். சின்னதாக ஒரு டப். இன்னும் இருந்திருக்கிறது. அங்கிள் பார்க்கப் பார்க்க மூன்றாவது முறையும் இறக்கினேன். இம்முறை சத்தமில்லை. இடது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டு இறுக மூடிக்கொண்டேன். வலது கையால் ரப்பர் மூடியின் ஓரத்தைத் தூக்கிவிட்டேன்.