வானத்துக்குக் காற்றடித்த பலூனக்கா

பலூனக்கா என்று சொன்னால்தான் அந்த ஊரில் யாருக்கும் ஆள் பிடிபடும். வானிலை நிலையத்தில் அவருக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை. பகல் பதினோரு மணிக்கு ஒன்று, இரவு பதினோரு மணிக்கு ஒன்று என்று நிலையம் தினம் இரண்டு பலூன்கள் விடும். பகல் பலூன் அக்காவுடையது. கொட்டகைக்குள் நின்று வாயு நிரப்புவார். அது ஆள் உயரம் தாண்டி உப்பியதும் கழுத்தை நூலால் இறுக்கிக் கட்டி, கீழே ஒரு சின்னக் குடையையும் அதற்கும் கீழே சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியையும் தொங்கவிட்டு, வெளியே வந்து கையை எடுத்துவிடுவார். வெப்பம், ஈரம், காற்று என்று பெட்டி வழிநெடுக வானொலி அலையில் சொல்லிக்கொண்டே போகும். முப்பது கிலோமீட்டர் உயரத்தில் பலூன் வெடிக்கும். பெட்டி குடை பிடித்தபடி எங்கேயாவது வந்து இறங்கும்.

அக்காவின் கணவர் கடைவீதி முனையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். "நான் டியூப்புக்குக் காத்தடிக்கிறேன், அவ வானத்துக்கே காத்தடிக்கிறா. சம்பளம் மட்டும் அவளுக்குத்தான் கூட," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

எல்லைக்கு அந்தப் பக்கம், நாற்பது கிலோமீட்டர் தள்ளி, பக்கத்து நாட்டு நகரத்திலும் இதே போல ஒரு நிலையம் இருந்தது. அவர்கள் எடுக்கும் கணக்கு இவர்கள் திரையில் வரும், இவர்களுடையது அவர்கள் திரையில் போகும். உலகம் முழுக்க அப்படித்தான் நடக்கிறது. இல்லாவிட்டால் விமானங்கள் பறக்க முடியாது. அங்கே பலூன் விடுகிறவரை அக்கா பார்த்ததில்லை. பேர்கூடத் தெரியாது. ஆனால் ஒரு நாளும் நேரம் தவறாத ஆள் என்று மட்டும் தெரியும். வீட்டில் பேசும்போது 'எதிர்வீட்டுக்காரர்' என்பார்.

அந்த வருடம் மலைப் பக்கத்தில் சண்டை மூண்டது. ஒரு கணவாய் யாருக்குச் சொந்தம் என்பதில் ஆரம்பித்தது, பதினைந்து நாளில் இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில் ஆட்களைத் தின்றுவிட்டது. அக்காவின் கொழுந்தன் அங்கே ராணுவத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இரண்டு நாடுகளுக்கும் பின்னால் ஆளுக்கொரு பெரிய நாடு நின்றது. மலைச் சண்டை சமவெளிக்கு இறங்கி, ஒரு நகரத்தின் மேல் ஒரு குண்டு விழுந்தாலும் நாங்கள் இறங்குவோம் என்று இரண்டுமே சொல்லியிருந்தன. இரண்டின் கப்பல்களும் கடலில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

பதினாறாம் நாள் காலை எட்டு மணிக்கு நிலையத்து வாசலில் ராணுவ ஜீப் வந்து நின்றது. அக்காவை ஏற்றிக்கொண்டு முகாமுக்குப் போனார்கள். மேசை மேல் மணல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது.

"இது என்னன்னு சொல்லுங்க," என்றார் கமாண்டர். மூன்று நாளாகத் தூங்காத கண்.

அக்கா குனிந்து பார்த்தார். "வானிலைப் பெட்டி சார். எதிர்… பக்கத்து நாட்டோடது."

"அது எனக்கும் தெரியுது. மேல அப்படித்தான் எழுதியிருக்கு. உள்ள இருக்கறது வேவு பாக்கற கருவியா இருந்தா? நாலு நாள்ல நாலு வந்திருக்கு. இத்தனை வருஷமா வராதது இப்ப ஏன் வருது?"

"இத்தனை வருஷமும் இந்தப் பருவத்துல நம்ம பலூன்தான் அங்க போகும். இந்த வாரம் மேல்காத்து முன்கூட்டியே திரும்பிடுச்சு. அதனால அவங்களோடது இங்க வருது."

கமாண்டர் பெருமூச்சு விட்டார். பிறகு, சொல்லக் கூடாததை அலுப்பில் சொல்கிறவர் போலச் சொன்னார். "தலைநகரத்துலேர்ந்து உத்தரவு வந்தாச்சு. பகல் ரெண்டு மணிக்குள்ள இது வேவுக் கருவி இல்லன்னு நாம உறுதி சொல்லலன்னா, இதை விடற கட்டடத்தை அடிக்கணும்."

அந்தக் கட்டடம் நகரத்துக்குள் இருக்கிறது என்பது அக்காவுக்குத் தெரியும். அடித்தால் அடுத்து என்ன ஆகும் என்பது சைக்கிள் கடைக்கு வருகிறவர்களுக்குக்கூடத் தெரியும். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"சார், வேவு பாக்கறதா இருந்தா அதை யாராவது ஓட்டணும் இல்லையா?"

"ஆமா."

"காத்து தள்ற இடத்துக்குத்தான் போகுதுன்னா யாரும் ஓட்டலைன்னு அர்த்தம். இன்னிக்குப் பதினோரு மணிக்கு அவங்க அடுத்ததை விடுவாங்க. அது எங்க விழும்னு இப்பவே எழுதித் தர்றேன்."

கமாண்டர் அவரையே பார்த்தார். "விழலன்னா?"

"விழலன்னா என்னைக் கேக்க வேண்டியதில்ல. நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க."

வரைபடமும் கவராயமும் வந்தன. சண்டையிலும் நிற்காமல் முந்தின இரவு எதிர்வீட்டுக்காரர் அனுப்பிய கணக்கு நிலையத்திலிருந்து வந்தது. உயரம் உயரமாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கிலும் காற்று எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளும் என்று அக்கா கூட்டிக்கொண்டே போனார். வியர்வை தாளில் சொட்டியது. இரண்டு முறை கூட்டினார். பத்தரை மணிக்கு, ஊருக்குத் தெற்கே இருந்த செங்கல் சூளையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "இதுக்குள்ள. ஒரு மணிக்கு முன்ன பின்ன."

பதினோரு மணி ஒரு நிமிடத்துக்கு ரேடார் அதிகாரி, "எழும்புது சார்," என்றார்.

ஆள் நேரம் தவறவில்லை என்று அக்கா மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

முதலில் அது எதிர்த்திசையில் போனது. ஆறு கிலோமீட்டர் உயரத்தில் நின்று யோசித்தது போலத் தயங்கி எல்லைப் பக்கம் திரும்பியது. அதுவரை அக்கா எழுதியபடியே நடந்தது. பிறகு அது நேராக முகாமின் ஆயுதக் கிடங்கை நோக்கி வந்தது.

"இது காத்தா?" என்றார் கமாண்டர்.

"பதினாறு கிலோமீட்டர் உயரம் தாண்டினா தெக்கே திரும்பும் சார்."

பதினாறு வந்தது. திரும்பவில்லை. பதினேழு. அறையில் இருந்த எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். கமாண்டர் தொலைபேசி மேல் கை வைத்தார். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டியதில் தப்பு இருக்கிறதா என்று தாளைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. கண்ணை மூடவும் இல்லை.

"பதினெட்டு," என்றார் ரேடார் அதிகாரி. திரையை இன்னும் நெருங்கிக் குனிந்தார். "சார், திரும்புது. தெக்கே."

பன்னிரண்டே முக்காலுக்குப் பலூன் வெடித்தது. ஒன்றே காலுக்குச் சூளையில் காத்திருந்த சிப்பாய் கம்பியில்லாக் கருவியில் கூப்பிட்டான். காய வைத்திருந்த பச்சைச் செங்கல் வரிசையில் பெட்டி பொத்தென்று விழுந்ததாம். நான்கு கல் நசுங்கிவிட்டதாம். யார் பதில் சொல்வது என்று சூளைக்காரர் சண்டைக்கு நிற்கிறாராம்.

கமாண்டர் சிரித்தார். அந்த அறையில் யாரும் அவர் சிரித்துப் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே தலைநகரத்துக்குப் பேசினார். அங்கே ஒருவர் மாற்றி ஒருவர் கேள்வி கேட்டார்கள். கடைசியில் ஒருவர், பக்கத்து நாட்டைக் கேட்டு உறுதிப்படுத்தினால் உத்தரவை எடுத்துவிடலாம் என்றார். ஒன்றே முக்காலுக்கு, பதினாறு நாளாக யாரும் தொடாத, அந்தப் பக்க முகாமுக்கான நேரடித் தொலைபேசியைக் கமாண்டர் எடுத்தார். அந்தப் பக்கக் கமாண்டர் தங்கள் நிலையத்தோடு இணைப்புக் கொடுத்தார். ஒலிபெருக்கியில் ஒரு வயதான குரல் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கமும் நம் பேச்சேதான்.

"பெட்டி நம்பர் சொல்லுங்க, பதிவேட்டுல பாக்கறேன்."

அக்கா நம்பரைப் படித்தார். அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"சரிதான். இன்னிக்குப் பதினோரு மணிக்கு விட்டது. நீங்க யாரும்மா?"

"இந்தப் பக்கம் பகல் பலூன் விடறவ."

"அடடே. இருபது வருஷமா உங்க கணக்கத்தான் தினமும் பாக்கறேன். ஒரு நாள் பிசகினதில்ல."

"நீங்களும்தான் அண்ணா," என்றார் அக்கா.

ஒன்று ஐம்பத்தாறுக்கு உத்தரவு ரத்தானது. பீரங்கிக் குழிகளில் இருந்த சிப்பாய்கள் தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்கள். ஒருவன் அழுதான். அன்று திறந்த தொலைபேசியை இரண்டு கமாண்டர்களும் மறுபடி மூடவில்லை. முதலில் பலூன் நேரத்தைச் சொல்லிக்கொண்டார்கள். அடுத்து காயம்பட்டவர்களை மாற்றிக்கொள்வது பற்றிப் பேசினார்கள். பதினோரு நாள் கழித்துக் கணவாயில் துப்பாக்கிகள் நின்றன. கடலில் கப்பல்கள் முகம் திருப்பிப் போயின.

உத்தரவு ரத்தான செய்தி அன்றைக்கே ஊரெல்லாம் பரவியிருந்தது. அன்று மூன்று மணிக்கு அக்கா கடைவீதியில் ஜீப்பை விட்டு இறங்கியபோது, கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்று கை தட்டினார்கள். கணவர் கையில் பம்போடு ஓடி வந்தார்.

"சாப்பிட்டியா?" என்றார். அவருக்கு வேறெதுவும் கேட்கத் தெரியவில்லை.

"இல்ல. பகல் பலூன் என்னாச்சு?"

"உன் மேலதிகாரியே விட்டாராம். முடிச்சு சரியாப் போடத் தெரியாம ரெண்டு தடவ பறக்கவிட்டுப் பிடிச்சாராம்."

அக்கா நடுத்தெருவில் நின்று, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். தெருவே சேர்ந்து சிரித்தது.