சிறுவாணிக் கேன்

கொச்சியில் விடுதிக்காரர் கொடுத்த தண்ணீர் லேசாக உப்புக் கரித்தது. சிரித்தபடி அம்மாவைப் பார்த்தேன். அவளும் சிரித்தாள். இருவருக்கும் அப்பாவின் நினைவுதான்.

நான் பள்ளியில் படிக்கும்போது கோவையிலிருந்து இதே ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தோம். கடலோரத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது என்று அப்பா பெரிய கேன் நிறைய எங்கள் சிறுவாணித் தண்ணீரைச் சுமந்து வந்தார். பழைய நல்லெண்ணெய் கேன் அது. எத்தனை கழுவியும் வாசம் போகவில்லை, எனக்குக் குமட்டியது. அப்பாவோ, "என்ன இருந்தாலும் நம்மூர்த் தண்ணி மாதிரி வருமா!" என்று அண்ணாந்து குடித்தார்.

மட்டாஞ்சேரி அரண்மனைக்குள் கேனைக் கொண்டுபோக விடவில்லை.

"ஏனுங்க, ஓரமா வெச்சுப்போட்டு வாங்க. ஆரு எடுக்கப் போறாங்க?" என்றாள் அம்மா.

"நீ அம்மணியக் கூட்டிட்டுப் போய்ப் பாரு. நான் தண்ணியப் பாத்துக்கறேன்" என்று என்னை அம்மாவின் பக்கம் தள்ளிவிட்டார் அப்பா.

சுவரெங்கும் சித்திரங்கள், பல்லக்குகள், வாள்கள். எல்லாம் பார்த்துவிட்டு வந்தபோது அப்பா படிக்கட்டில் கேனை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஊர் திரும்பும்வரை அம்மா அவரிடம் பேசவில்லை.

இப்போது அப்பா இல்லை. அதே அரண்மனைக்கு இரண்டு டிக்கெட் வாங்கித் திரும்பினால், அம்மா அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ளதான் அன்னிக்கே பாத்தாச்சே கண்ணு. நீ போயிட்டு வா. உங்கப்பா இங்கிருந்து என்னத்தப் பாத்தாருன்னு நான் பாக்கறேன்."