மேடைக்கு அடியில் ஒரு தொட்டி

கூரை இருந்தவர்களுக்குப் போதகர் இல்லை. போதகர் இருந்தவர்களுக்குக் கூரை இல்லை. புயலடித்த வருஷம் இரண்டு சபைகளும் ஒன்றாகச் சேர்ந்த கதை இவ்வளவுதான். வாசல் கல்லில் என்னவோ ‘அன்பினால் ஒன்றானோம்’ என்று செதுக்கியிருக்கிறார்கள். கல்லுக்கு வாயா வலிக்கும்?

ஒரு கூட்டம் கைக்குழந்தையின் நெற்றியில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்கும். மற்றக் கூட்டம் வளர்ந்த ஆளைத் தண்ணீரில் முழுசாக முக்கியெடுக்கும். தெளிப்பு, முழுக்கு என்று ஊர் பெயர் வைத்தது. தெளிப்புக்கு இடப்பக்க பெஞ்சு, முழுக்குக்கு வலப்பக்கம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வம்பு என்று பூனைகூட நடுவழியில் நூல் பிடித்தாற்போல் போகும்.

தெளிப்பில் வாய் நீண்டவர் குழாய்க்காரர். முழுக்குக்காரர்களுக்காகப் பிரசங்க மேடைக்கு அடியில் தொட்டி கட்டியபோது, திட்டிக்கொண்டே குழாய் இழுத்தவர் அவர்தான். வால்வை மட்டும் வெளிச்சுவரில், தன் கைக்கு வசமாக வைத்துக்கொண்டார். முழுக்கின் தளபதி தையல்காரர், குழாய்க்காரரின் தங்கை புருஷன். தொட்டியில் இறங்குகிறவர்களுக்கு வெள்ளை அங்கி தைப்பார். துணி மிதந்து மானம் போகக்கூடாதென்று அடிமடிப்பில் ஈயக்குண்டு வைப்பார்.

“ஏன் மாப்ள, ஆத்துமாவ ரட்சிக்கிறீங்களா, தூண்டில் போடுறீங்களா?”

“மூணு சொட்டுல அழுக்கு போகும்னா, மச்சான், உங்க சட்டைய மட்டும் ஏன் வாளியில முக்கித் துவைக்கிறாங்க?”

இந்த லட்சணத்தில், குழாய்க்காரரின் ஒரே மகள் தானும் முழுக்கெடுக்கப் போவதாகச் சொன்னாள். அங்கிக்கு அளவும் கொடுத்தாயிற்றாம்.

“தொட்டியில இறங்குன, இந்த வீட்டுப் படி ஏறாத.”

“சரிப்பா” என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்த மனுஷனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கோபமும் இறங்கவில்லை.

ஞாயிறு விடியுமுன் போய்த் தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கிவிட்டார். ஆராதனையில் மேடைப் பலகையைத் தூக்கினால் உள்ளே பொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு தவளை மட்டும் அண்ணாந்து பார்த்தது. அது எந்தச் சபையோ!

“செஞ்ச கை எதுன்னு தெரியும்” என்று தையல்காரர் கத்தினார். இடப்பக்கம் கனைத்துச் சிரித்தது. போதகர் கூரையைப் பார்த்தார்; அவர் சேர்ந்ததே அதற்காகத்தானே.

மகளோ, ஈயக்குண்டுகள் படியில் டக்டக்கென்று இடிக்க இறங்கினாள். அடைப்பானைத் திரும்பச் செருகினாள். வெறும் சிமெண்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“தண்ணி வர்ற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன்.”

“ஏய், மேல வா!”

“வர மாட்டேன். யாரு பொண்ணு நான்?”

சபைக்குத் தெரிந்த பாட்டெல்லாம் பாடித் தீர்ந்தது. பொறுக்காத தையல்காரர் குறடை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி, வால்வைத் திருகினார், தப்புப் பக்கமாக. அது கிறீச்சிட்டதும் குழாய்க்காரர் பெஞ்சைத் தாண்டிக் குதித்தார்.

“கைய எடு! மரை போயிடும்! உன் பொத்தான் துளைன்னு நெனச்சியா?”

தள்ளிவிட்டு வால்வைப் பிடித்தவர், அப்படியே நின்றார். ஜன்னல் வழியாகத் தொட்டிக்குள் மகளின் உச்சந்தலை தெரிந்தது. ஒரு தும்மல் கேட்டது. சின்ன வயதிலிருந்தே சளிக்காரி.

“சில்லுனு சிமெண்ட்ல எவ்வளவு நேரம்தான் உக்காருவா? சீக்கிரம் முக்கித் தொலைங்கடா!” என்று உறுமிக்கொண்டே முழுசாகத் திறந்துவிட்டார். சளிக்குப் பயந்து பச்சைத்தண்ணீரைத் திறந்த தகப்பன் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

முக்கியெடுத்தார்கள். வலப்பக்கம் துண்டை விரித்துக்கொண்டு நின்றது. அவளோ சொட்டச்சொட்ட நடுவழியைக் கடந்து, இடப்பக்க பெஞ்சுக்குத் திரும்பியிருந்த அப்பாவை ஒட்டி உட்கார்ந்தாள். ஈயக்குண்டு ஒன்று அவர் கால்விரலில் விழுந்தது. வேட்டி இடுப்புவரை நனைந்தது.

“தெளிச்சிருந்தா இந்தத் தொல்லையே இல்ல” என்று பல்லைக் கடித்தார். “வீட்டுக்கு வந்து தலைய நல்லா துவட்டு.”

அதைக் கேட்டுவிட்ட தையல்காரரோடு மட்டும் சாகும்வரை அவர் பேசவேயில்லை.